சிராப் தண்ணீரும் ஒரு பழைய சாரோங்கும்

மருத்துவிச்சிப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களுக்கும்,

கோலா தெர்லாவிலிருந்து எழுதுகிறேன். கேமரன் மலைக்குச் சுற்றுலா வந்திருந்தால் இந்த ஊரைத் தாண்டிப் போயிருப்பீர்கள், இறங்கியிருக்க மாட்டீர்கள். திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவில், சாலையின் இருபுறமும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள், மேட்டில் தேயிலை, பள்ளத்தில் ஆறு. தெர்லா ஆற்றின் கூடுமுகம் என்பதுதான் பெயருக்கே பொருள். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். முப்பது வருடத்துக்கு மேல் கிராமத்து கிளினிக்குகளில் சமூகத் தாதியாக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் பசார் மாலாமில் என்னைப் பார்த்தால் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் பயிற்சிக்கு வந்த இரண்டு மாணவிகள் என் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் குடிக்கும்போது ஒருத்தி கேட்டாள்: "ஆன்ட்டி, நீங்க எத்தன பி.பி.எச். பார்த்திருக்கீங்க?" பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கைத்தான் கேட்கிறாள். பெரிய அளவில் என்றால் பதினொன்று என்றேன். "நீ?" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் இல்லை. திரையில் படம் பார்த்திருக்கிறார்கள், பரீட்சையில் காரணங்களை வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்த மடல் அதனால் வந்தது.

அவர்கள் பார்க்காததற்குக் காரணம் நல்ல காரணம். 1950-ஐ ஒட்டிய காலத்தில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஐந்நூறு தாய்மார்களுக்கு மேல் செத்தார்கள். அது எப்படி இறங்கியது என்பதை மலேசியாவையும் இலங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து, இந்திரா பத்மநாதனும் மற்றவர்களும் எழுதிய புத்தகத்தை உலக வங்கி 2003-இல் வெளியிட்டது. படித்துப் பாருங்கள், உங்கள் பாட்டிமார்களின் கதை அது. கிராமத்துக் கிளினிக்குகள் வந்தன. 1966-இல் மருத்துவிச்சிகள் சட்டம் வந்தது. ஊரில் பிரசவம் பார்த்த கைராசிக்காரக் கிழவிகளைத் துரத்தாமல் பதிவு செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிக் கொடுத்து, நம்மோடு சேர்த்துக்கொண்டார்கள். கர்ப்பிணியின் புத்தகத்தில் ஆபத்தின் அளவுக்கு ஏற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டினோம். 1991-இலிருந்து ஒவ்வொரு தாய்மரணத்தையும், யார் தலையையும் உருட்டாமல், என்ன நடந்தது என்று மட்டும் கேட்டு ஆராய ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான்.

இதன் மறுபக்கத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. என் காலத்தில் கிராமத்துத் தாதி மாதத்துக்கு நாலைந்து பிரசவம் பார்ப்பாள். உங்களில் ஒருத்தி கிராமத்துக் கிளினிக்குக்கு வந்தால் வருடத்துக்கு ஒன்று பார்ப்பது சந்தேகம். ஆனால் அந்த ஒன்று, திட்டம் போட்டு வராது. நள்ளிரவில், நாள் கணக்குத் தப்பி, அல்லது ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து ஒளிந்திருந்து, கடைசி நேரத்தில் கதவைத் தட்டும். அபூர்வமாகிப்போன ஆபத்து, அதைப் பார்த்தே இராத கைகளில் வந்து விழும்.

அதுவும் எங்கள் ஊரில் எப்படி வரும் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரி தானா ராத்தாவில் இருக்கிறது. வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் நடுவில் கீ ஃபார்ம் சந்தை இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மதியம் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். ஸ்ட்ராபெர்ரி வாங்க வந்த கார்கள் பிரிஞ்சாங் வரை அசையாமல் நிற்கும். ஆம்புலன்ஸ் சங்கு ஊதினாலும் ஒதுங்க இடம் வேண்டுமே, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பெரிய டாக்டர்களும் ரத்த வங்கியும் வேண்டுமென்றால் மறுபக்கம் இறங்கி, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்குப் போக வேண்டும். மழையில் அந்த ரோட்டிலும் மண் சரியும். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் நடுராத்திரி வெள்ளம் வந்ததையும், அடுத்த வருடம் நவம்பரில் ரிங்லெட்டில் சேறு புரண்டு வந்ததையும் இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு ராத்திரியிலும் யாருக்காவது வலி எடுக்கத்தான் செய்யும்.

என்னுடைய முதல் பெரிய உதிரப்போக்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஒரு தோட்டத்து லயத்தில், நான் போய்ச் சேர்வதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. மூன்றாவது பிள்ளை. நஞ்சும் விழுந்துவிட்டது. பிள்ளை நன்றாக அழுகிறது, மாமியார் சிரிக்கிறார், எனக்குக் கோப்பி கலக்கிக்கொண்டிருக்கிறார். தாய்க்குக் கீழே விரித்திருந்த சாரோங்கைப் பார்த்தேன். கொஞ்சம் ரத்தம். வழக்கம்தானே என்று பிள்ளையின் கொடியைக் கவனிக்கத் திரும்பிவிட்டேன்.

"மிஸ்ஸி, குளிருது" என்றாள்.

கேமரன் மலையில் யாருக்குத்தான் குளிராது. கம்பளி கொடுங்கள் என்றேன். இரண்டாவது முறை சொன்னபோது குரல் மாறியிருந்தது. அவளைப் புரட்டிச் சாரோங்கைத் தூக்கிப் பார்த்தேன். கீழே இலவம்பஞ்சு மெத்தை. அழுத்தினால் விரலுக்கு மேல் ரத்தம் ஏறியது. அத்தனையும் மெத்தை குடித்திருக்கிறது, எனக்குக் காட்டாமல்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், பாடமாக ஒப்பித்தவள்தானே. அடிவயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய், மூத்திரப்பையைக் காலி செய், ஊசி போடு, ஆள் கூப்பிடு. ஆனால் பெட்டியிலிருந்து, கர்ப்பப்பையைச் சுருக்கும் சிந்தோமெட்ரின் ஆம்பியூலை எடுத்தேன், கழுத்தை உடைக்கத் தெரியவில்லை. தினமும் உடைக்கிற ஆம்பியூல்! விரலுக்குள் நொறுங்கிப்போனது. இரண்டாவதை எடுத்தபோது, இவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தோமா, அழுத்தம் அதிகமிருந்தால் இந்த ஊசி ஆகாதே என்று ஒரு யோசனை, அங்கேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு யோசித்தால் அரை நிமிடம் இருக்கலாம். மாதம் நிறைந்த கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. அரை நிமிடத்தின் விலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவளைக் காப்பாற்றியது நான் என்று சொல்ல மாட்டேன். கோப்பி கலக்கிக்கொண்டிருந்த மாமியார், ஆயாக் கொட்டகையில் முப்பது வருடம் பிள்ளை பார்த்தவர், என்னைத் தள்ளிவிட்டு மருமகளின் வயிற்றைப் பிசைய ஆரம்பித்தார். அவர் கை வேலை செய்வதைப் பார்த்ததும்தான் என் கைக்கு உயிர் வந்தது. அந்தத் தாய் பிழைத்தாள். நான் படித்த கல்லூரியைக் குறை சொல்லிப் பெயர் எழுத மாட்டேன், அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான். எங்களுக்குத் தெரிந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள், பதற்றத்தில் செய்யச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்கு இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வழிக்குப் பெயர் விளையாட்டு.

அந்த இரண்டு மாணவிகளும் மறுவாரம் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ரோஸ் சிராப் இரண்டு போத்தல் வாங்கித் தண்ணீரில் கலந்தேன். கூடத்தில் நாலு இடம் வைத்தேன். ஒரு பேசின். ஒரு சானிட்டரி பேட். மடித்த பாத்தேக் சாரோங். கடைசியில் ஒரு பழைய பஞ்சுத் தலையணை, மேலே துணி. அளவுக் குவளையால் அளந்து அளந்து ஊற்றி, அளவை ஒரு தாளில் எழுதி மறைத்துவிட்டேன். "எவ்வளவு ரத்தம்? சீட்டில் எழுது." பேசினில் இருந்ததை எல்லாரும் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். தலையணையில் ஒரு லிட்டர் ஊற்றியிருந்தேன். ஒருத்தி 200 மில்லி என்று எழுதினாள். இன்னொருத்தி 350. அதிகம் சொன்னவள் 500. தாளைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த 200 மில்லிக்காரி தலையணையைத் தூக்கிப் பிழிந்தாள். பிழியப் பிழிய வந்துகொண்டே இருந்தது. என் கூடத்துப் பாய் நாசமானது வேறு விஷயம், எறும்பு மூன்று நாள் போகவில்லை.

கண் பொய் சொல்லும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் எண்பது மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2023-இல் வெளிவந்தது. தாயின் அடியில் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வைத்து ரத்தத்தை அளந்து, அளவு தாண்டிய உடனே தேய்ப்பது, மருந்து, டிரிப், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே கட்டாகச் செய்தார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அளந்தார்கள், உடனே செய்தார்கள்.

சிராப் விளையாட்டு கண்ணுக்கு. கைக்கும் வாய்க்கும் வேறு ஒன்று வேண்டும். அதற்குச் சீட்டுக்கட்டு செய்திருக்கிறேன், பழைய காலண்டர் அட்டையை வெட்டி. நாலு கட்டு. முதல் கட்டு உடம்பு: கர்ப்பப்பை சுருங்கவில்லை, தோள் சிக்கிவிட்டது, கொடி முன்னால் இறங்கிவிட்டது, தாய்க்கு வலிப்பு, பிள்ளை அழவில்லை. இரண்டாவது ரோடு: கீ ஃபார்ம் நெரிசல், கம்போங் ராஜாவில் மண்சரிவு, மூடுபனி, ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருக்கிறது. மூன்றாவது ஆள்: அழுகிற புருஷன், எல்லாம் தெரிந்த மாமியார், தமிழும் மலாயும் தெரியாத வங்காளதேசத்துப் பெண், போஸ் தெரிசுவிலிருந்து வந்த செமாய் குடும்பம், உதவிக்கு வந்து மயங்கி விழுகிற பக்கத்து வீட்டுத் தம்பி. நாலாவது சாமான்: டார்ச்சில் பேட்டரி இல்லை, கைப்பேசியில் சிக்னல் இல்லை, ஊசி மருந்து ஒன்றுதான் மிச்சம். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்று உருவ வேண்டும். வந்த நாலையும் வைத்து நடிக்க நாலு நிமிடம். கைப்பேசியில் மணி வைத்துவிடுவேன்.

தாயாக நடிக்கிறவளுக்கு மட்டும் காதில் ரகசியமாக ஒரு வசனம் சொல்லுவேன். அன்றைக்கு வந்த சீட்டு: சுருங்காத கர்ப்பப்பை, மூடுபனி, எல்லாம் தெரிந்த மாமியார், ஒரே ஒரு ஊசி. தாயாகப் படுத்தவள் சாரோங்குக்குள் சிராப் பையைக் கட்டிக்கொண்டாள். மாமியாராக நடித்தவள் விருது வாங்க வேண்டியவள். "நீ எத்தன பிள்ள பெத்தவ? எனக்குச் சொல்ல வந்துட்டா!" என்று அவள் கத்திய கத்தலில் தாதியாக நின்ற பிள்ளை தடுமாறிவிட்டாள். மருந்தை எடுத்தாள், வைத்தாள், கையுறை தேடினாள். தாய் மெதுவாகச் சொன்னாள், "மிஸ்ஸி, குளிருது." தாதி கேட்டாள், ஆனால் காதில் வாங்கவில்லை. மறுபடி, "மிஸ்ஸி, கண்ணு இருட்டுது." மணி அடித்தது.

அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். நல்ல மார்க் வாங்கும் பிள்ளை. "எனக்கு எல்லாம் தெரியும் ஆன்ட்டி, ஆனா கை வரல." எனக்குத் தெரியாதா அது. இரண்டாவது சுற்றில் அவளையே நிற்க வைத்தேன். இந்த முறை மாமியாரைப் பார்த்து, "அம்மா, இங்க வாங்க, நான் காட்டுற இடத்தில கைய வச்சு நல்லாத் தேய்ங்க, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றாள். சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஆள் வேலைக்காரி ஆகிவிட்டாள். தாதியின் இரண்டு கையும் ஊசிக்கு மிச்சமாகிவிட்டது. அந்த வித்தையை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எட்டு மாதத்துத் தாதியாக நான் நின்ற அந்த லயத்து வீட்டில், ஒரு கிழவி தானாக முன்வந்து எனக்குச் செய்ததை இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாடத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது இது?

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக்கூட "படபடன்னு வருது", "அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு", "தண்ணி ஒடஞ்சிருச்சு" என்று தாய் தமிழில் சொல்லும்போது அது எந்த அறிகுறி என்று ஒரு வினாடி பிடிபடுவதில்லை. விளையாட்டில்தான் அது வெளியே வந்தது. அதனால் இப்போது வசனச் சீட்டு தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் கிழவியின் கிறுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1759-இல் பிரான்சு மன்னர் பதினைந்தாம் லூயி, மதாம் து கூட்ரே என்ற மருத்துவிச்சியை நாட்டுப்புறம் முழுக்கப் போய்ச் சொல்லிக்கொடு என்று அனுப்பினார். அந்த அம்மா துணியையும் பஞ்சையும் வைத்து இடுப்பும் வயிறும் கொண்ட ஒரு பொம்மையைத் தைத்திருந்தார். கடற்பஞ்சுகளில் சாயத் தண்ணீரை நிரப்பி ரத்தம் வரவைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதில் கை பழகினார்கள். ரூவான் நகரத்து அருங்காட்சியகத்தில் அந்தப் பொம்மைகளில் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆக, என் சிராப் தண்ணீருக்கு இருநூற்று அறுபது வருடத்துக் குலப்பெருமை உண்டு.

இன்றைக்கு உலகம் முழுக்க முதலுதவிப் பயிற்சியில் மூச்சு ஊதிப் பழகும் பொம்மையை 1960-இல் கொண்டுவந்த நார்வேக்காரர் ஆஸ்முன் லேர்டால், அடிப்படையில் விளையாட்டுப் பொம்மை செய்யும் வியாபாரி. அதே நிறுவனத்தார் பிறகு செய்ததுதான் மாமா நத்தலி. ஆசிரியை அதை வயிற்றில் கட்டிக்கொண்டு, கர்ப்பப்பையை இளக்கவும் இறுக்கவும், ரத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அவரே தாயாகக் கத்தவும் முடியும், அதுதான் அதில் எனக்குப் பிடித்தது. பொம்மைக்குப் பேச்சு வராது, பொம்மை கட்டிய மனுஷிக்கு வரும். மெக்சிகோவில் தொடங்கிய புரோன்டோ என்ற அமைப்பு இன்னும் எளிமையாகப் போனது. ஆஸ்பத்திரிக் கால்சட்டையை வெட்டித் தைத்து, ஒரு பெண் மாட்டிக்கொண்டு பிரசவம் நடிக்கும்படி செய்தார்கள். பீகாரின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தாதிகள் அதை வைத்துத்தான் பழகினார்கள். அந்தக் கால்சட்டையைத் தைக்க தானா ராத்தாவில் எனக்கே இரண்டு தையல்காரர்களைத் தெரியும்.

கைப்பேசி விளையாட்டுகளும் இருக்கின்றன. டென்மார்க்கின் மெட்டர்னிட்டி ஃபவுண்டேஷன் வெளியிட்ட சேஃப் டெலிவரி ஆப், படம் காட்டி, கேள்வி கேட்டு, படிப்படியாக மேலே ஏற்றுகிறது. ஆக்ஸ்ஃபோர்டும் கென்ய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த லைஃப் என்ற விளையாட்டில் பிறந்த பிள்ளைக்கு மூச்சு வரவைக்க வேண்டும். தப்புச் செய்தால் உடனே காட்டிக்கொடுக்கும். இரண்டும் நல்லவை, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். என் பேரனும் பஸ்ஸில் விளையாடிக்கொண்டுதான் போகிறான், நீங்கள் இதை விளையாடிக்கொண்டு போங்கள். ஆனால் கண்ணாடித் திரையைத் தொட்டால் மருந்து போய்விடும். நிஜத்தில் ஆம்பியூல் உடைய வேண்டும். அது வேறு படிப்பு.

ஆசிரியர்களிடம் இனிப் பேச வேண்டும். தான்சானியாவில் ஹைடம் என்ற ஊரில் ஒரு கிராமத்து மருத்துவமனை. பிறந்த பிள்ளைக்கு மூச்சு வரவைக்கும் பயிற்சியை ஒருநாள் வகுப்பாக நடத்தினார்கள். வகுப்பு முடிந்தபோது பொம்மையிடம் எல்லாரும் அருமையாகச் செய்தார்கள். வார்டில் போய்ப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. இதை மறைக்காமல் 2013-இல் எழுதினார்கள், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. பிறகு வழியை மாற்றினார்கள். பொம்மையை வேலை செய்யும் இடத்திலேயே வைத்து, வாரத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும், ஆனால் விடாமல். முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் பிள்ளைகள் ஆயிரத்துக்கு 11.1-லிருந்து 7.2-ஆகக் குறைந்தார்கள். 2015-இல் அதையும் எழுதினார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து சவுத்மீட் மருத்துவமனையில் எல்லா ஊழியர்களும் வருடாவருடம் சேர்ந்து பழகியபின், தோள் சிக்கிப் பிறந்த பிள்ளைகளில் காயம்பட்டவை நூற்றுக்கு 9.3-லிருந்து 2.3-ஆக இறங்கின. டாக்டரும் தாதியும் ஒரே அறையில் பழகினார்கள், தனித்தனியாக அல்ல.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? விலை கொடுத்து வாங்கிய பொம்மை கண்ணாடிப் பீரோவுக்குள், சாவி ஒருவரிடம், அவர் லீவில். கேட்டால் "ஸ்பாயில் ஆயிடும்" என்பார்கள். நான் பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், அந்தப் பொம்மைக்கு மேலே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. உடைந்துபோகட்டும் சார். பொம்மை உடைந்தால் கூட்டத்தில் ஒரு நாள் பேச்சு, அவ்வளவுதானே.

இன்னொரு கெட்ட பழக்கம், விளையாட்டைப் போட்டி ஆக்குவது. மதிப்பெண் பலகை, முதல் பரிசு, கைதட்டல். உடனே என்ன ஆகிறது, கெட்டிக்காரப் பிள்ளை முன்னால் வந்து செய்கிறாள், பயந்த பிள்ளை பின்னால் நின்று படம் எடுக்கிறாள். நாளைக்கு கோலா தெர்லாவுக்கு வரப்போவது எந்தப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியுமா? தோற்றவளை மறுபடி நிறுத்துங்கள். அவள் தோற்கும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள். நாலு நிமிட ஆட்டத்துக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள், எங்கே கை நின்றது, யார் என்ன சொன்னார்கள், எதைக் கேட்கவில்லை என்று. அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாடம் இருக்கிறது. தாயாகப் படுத்தவளைத்தான் முதலில் பேசவிட வேண்டும், கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவளுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கும்.

சீட்டுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். தாய்மரண ஆய்வு அறிக்கைகள் இருக்கின்றன, பெயர் நீக்கிய சம்பவங்கள். ஒவ்வொன்றிலும் எங்கே தாமதம், யார் கூப்பிடவில்லை, எந்த நிறத்தை மாற்றி ஒட்டவில்லை என்பது இருக்கிறது. அதைப் படித்துப் பெருமூச்சு விட்டு மூடிவைப்பதற்குப் பதிலாக, சீட்டாக வெட்டுங்கள். அதோடு உங்கள் ஊர்ச் சீட்டையும் சேருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் பல மடங்கு. கையில் பணமும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. அதனால் வலி எடுத்தும் காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் படுத்துக்கிடப்பாள். அவளிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது, அதையும் விளையாடிப் பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்க் கல்லூரியில் எழுதிய சீட்டில் இந்தக் கொட்டகை இருக்காது.

ஒரு மறுப்பு வந்தது, அதை மறைக்கக் கூடாது. என் கூடத்தில் தாயாகப் படுக்க ஒரு மாணவி மறுத்துவிட்டாள். கல்யாணமாகி நாலு மாதம். அவள் அம்மா போனில் திட்டினாராம்: "பிள்ளைத்தாச்சி சாவுறத விளையாட்டா நடிக்கிறதா? வாய் முகூர்த்தம்னு ஒண்ணு இருக்குடி." நான் சிரிக்கவில்லை. பேறுகாலத்தில் கெட்ட வார்த்தை பேசாதே என்று வளர்ந்தவள்தான் நானும். அந்தப் பெண்ணுக்கு மணி பார்க்கும் வேலை கொடுத்தேன், யாரையும் வற்புறுத்திப் படுக்க வைக்கக் கூடாது. ஆனால் அவள் அம்மாவிடம் ஒன்று சொல்லி அனுப்பினேன். நாங்கள் விளையாடிப் பழகவில்லை. அதனால் நிஜப் பெண்களின் உடம்பில் பழகினோம். என் கையில் நொறுங்கிய அந்த ஆம்பியூலுக்கு ஒரு பெண் ரத்தம் கொடுத்தாள், என்று.

அடுத்த வாரம் அந்த மாணவி வந்தாள். சாரோங்கைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டாள். மாமியாராக நடிக்க அம்மாவையும் கூட்டிவந்திருந்தாள்.

கேமரன் மலைக்கு உங்களில் யாருக்குப் பயிற்சி விழுந்தாலும், ஒரு மாலைப்பொழுது என் வீட்டுக்கு வாருங்கள். கம்போங் ராஜா போகிற ரோட்டில் யாரைக் கேட்டாலும் "மிஸ்ஸி வீடு" என்று காட்டுவார்கள். சாரோங் என்னிடம் இருக்கிறது, சீட்டுக்கட்டும் இருக்கிறது. சிராப் மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள், இரண்டு போத்தல்.

அன்புடன்,
கோலா தெர்லாவிலிருந்து ஒரு பழைய மிஸ்ஸி